அஜின்கூர் அம்பும் இரும்புச் சட்டையும்

கேள்வி: 1415இல் பிரான்சின் அஜின்கூரில் நடந்த போரில் ஆங்கிலேயர்களின் அம்புகள் பிரெஞ்சுப் பிரபுக்களின் இரும்புக் கவசத்தைத் துளைத்துத் தள்ளின என்று படித்திருக்கிறேன். யூடியூபில் சோதித்துப் பார்த்தால் அம்பு பட்டு நொறுங்குகிறது. நெடுவில்லின் புகழெல்லாம் கட்டுக்கதைதானா?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அறுநூறு வருடப் புகழைத் தூக்கிக் குப்பையில் போட்டால் எப்படி சார்? வீடியோ பொய் சொல்லவில்லை. 160 பவுண்டு இழுவை உள்ள வில் (ஒலிம்பிக்கில் ஆண்கள் இழுப்பது 50 பவுண்டுக்குப் பக்கத்தில்தான்) 80 கிராம் அம்பை நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் விட்டால், சுமார் 120 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அன்றைய நல்ல மார்புக் கவசம் நடுவில் 2 மில்லிமீட்டருக்கு மேல் கனம், அதிலும் புடைத்து வளைந்திருக்கும். அம்பு ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் காம்பு சிம்பு சிம்பாகத் தெறிக்கும்.

சரி, மனிதன் என்றால் மார்பு மட்டும்தானா? அக்குளும் முழங்கை மடிப்பும் முகமும் எங்கே போயின? இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1403இல் ஷ்ரூஸ்பரி போரில், பதினாறு வயது இளவரசனாக இருந்தபோது, முகத்தில் அம்பு பாய்ந்து முனை ஆறு அங்குல ஆழத்தில் சிக்கிக்கொண்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் அதற்கென்றே ஒரு இடுக்கியைச் செய்து, காயத்தை மெல்ல மெல்ல அகலப்படுத்தி அதை வெளியே எடுத்தார். அஜின்கூரில் படை நடத்தியவர் இதே ஹென்றிதான்.

குதிரையையும் மறந்துவிட்டீர்கள். 1356இல் ஆங்கிலேயர்களோடு நடந்த பொய்த்தியே போரில் பிரெஞ்சுக் குதிரைகளுக்கு முன்பக்கம் கவசம் இருந்ததால் அம்புகள் தெறித்து விழுந்தன என்று அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி லே பேக்கரே எழுதி வைத்திருக்கிறார். அதாவது உங்கள் யூடியூப் முடிவு ஆங்கிலேயர்களுக்கு அப்போதே தெரியும். அப்புறம் என்ன செய்தார்கள்? வில்லாளிகளைப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்திக் குதிரைகளின் பின்புறத்தில் அடித்தார்கள், வலி தாங்காத குதிரைகள் திரும்பி ஓடிச் சொந்த ஆட்களையே மிதித்தன.

அஜின்கூரிலும் இதே கதைதான், கூடவே சேறு. முதல் நாள் இரவு மழையில் ஊறிய உழவு நிலம், இரண்டு பக்கமும் காடு, நடுவில் குறுகலான வழி. வில்லாளிகளைத் தாக்க வந்த பிரெஞ்சுக் குதிரைப்படை சிதறித் திரும்பி, பின்னால் நடந்து வந்த கூட்டத்துக்குள் புகுந்து கலக்கியது. அந்தக் கூட்டமோ முகமூடியை இறக்கிவிட்டு, கண் துளையில் அம்பு பட்டுவிடக் கூடாதென்று தலையைக் குனிந்து, மூச்சு முட்ட, அந்தச் சேற்றில் அத்தனை எடையோடு நடந்தது. வீடியோவில் கவசம் சும்மா ஒரு கட்டையில் தொங்குகிறது, அதற்கு மூச்சும் வாங்காது, பின்னாலிருந்து யாரும் நெருக்கவும் மாட்டார்கள்.

முன்னால் போன பிரெஞ்சுக்காரர்களுக்கு வாளை ஓங்கக்கூட இடமில்லை, அவ்வளவு நெரிசல். விழுந்தவர் மேலேயே அடுத்தவர் விழுந்தார். அம்பு தீர்ந்ததும் வில்லாளிகள் வில்லைக் கீழே போட்டுவிட்டுக் கோடரி, வாள், சம்மட்டி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். எழுந்திருக்க முடியாமல் கிடப்பவனைக் கொல்ல அவன் மார்புக் கவசத்தைத் துளைக்க வேண்டிய அவசியமே இல்லை.