பொம்மையை ஆட வைக்கும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

பிளஸ் டூ படிக்கும் மகன் பழைய கார் வைப்பர் மோட்டாரில் மரப்பொம்மைகளை ஆட்டிக்கொண்டிருக்கிறான், ‘அசையும் சிற்பம் செய்வதுதான் என் வேலை’ என்கிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: அறிவியல் மையங்களுக்குக் காட்சிப்பொருள் செய்யும் பட்டறை, சினிமாவுக்கு அசையும் விலங்கு செய்யும் கூடம், நாடக மேடை, பொருட்காட்சி அமைப்பு. எல்லா இடத்திலும் கேட்பது ஒன்றுதான்: முதல் நாள் ஆடியது பத்தாம் நாளும் ஆடுமா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷர்மான்கா என்றொரு அரங்கம் உண்டு. அங்கே நடிப்பவை மரச்சிற்பங்களும் பழைய இரும்புச் சாமான்களும் சேர்ந்த இயந்திரங்கள். செதுக்கிப் பூட்டியவர் எட்வர்ட் பெர்சூட்ஸ்கி. நாடகமாக்கியவர் இயக்குநர் தத்யானா யாகோவ்ஸ்காயா. எந்தப் பொம்மை எப்போது அசையவேண்டும், வெளிச்சம் எங்கே விழவேண்டும், இசை எங்கே நிற்கவேண்டும் என்பதற்குத் தனிக் கை வேண்டியிருக்கிறது. ஆக, ஒரே மேடையில் பல தொழில்கள். உங்கள் மகனுக்கு எதில் கை ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் சுவிஸ் சிற்பி ஜான் டிங்கெலி ஓர் இயந்திரத்தை ஓடவிட்டார். தன்னைத் தானே அழித்துக்கொள்வதுதான் அதற்குக் கொடுத்த வேடம். ஓவியம் வரையும் பகுதியில் பெல்ட் மாறி மாட்டப்பட்டதால் தாள் விரியாமல் சுருண்டுகொண்டது. பியானோ எரிய, தீயணைப்பு வீரர் வந்து அணைத்தார். கூட வேலை பார்த்தவர் பில்லி க்ளூவர் என்ற பொறியாளர். பொறியியலா, கலையா என்று வீட்டில் நடக்கும் சண்டைக்கு அவ்வளவு அவசியமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

கல்லூரிக்கு முன் ஒரு சோதனை. ஒரே ஒரு பொம்மை, ஒரே அசைவு, தினம் 8 மணி நேரம், 3 நாள் ஓடவேண்டும். 12 வோல்ட் வைப்பர் மோட்டார், 12 வோல்ட் 10 ஆம்பியர் பவர் சப்ளை, ஒரு ஃபியூஸ், பிளைவுட்டில் அறுத்த கேம் (சுழலும்போது மேலே நிற்கும் தண்டைத் தூக்கி இறக்கும் மேடுள்ள வட்டு), 6 மி.மீ. கம்பி போதும். மொபைல் சார்ஜரில் இந்த மோட்டார் ஓடாது. கேமை முதலில் அட்டையில் வெட்டி, கையால் சுற்றிப் பார்க்கட்டும். மேடு செங்குத்தாக ஏறினால் மேலே நிற்கும் தண்டு தூக்கப்படாமல் பக்கவாட்டில் தள்ளப்பட்டு இறுகும். மோட்டாரின் உருண்டைத் தண்டில் கேமைப் பிடிக்கும் திருகாணியை மட்டும் முறுக்கினால் அதிர்வில் இளகி, மோட்டார் சுற்றும், பொம்மை நிற்கும். திருகு உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக்க வேண்டும். மழைநாளில் மரம் ஊதித் துளை இறுகும். கொஞ்சம் இடம் விட்டுத் துளையிட வேண்டும். அசையும் மூட்டைத் தாண்டிப் போகும் ஒயரை இழுத்துக் கட்டினால் உள்ளே கம்பி அறும். பல இழை ஒயரில் ஒரு வளையம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் நின்றுபோனால் திட்டாதீர்கள். ஏன் நின்றது என்று அவன் எழுதி வைத்தால் பாதி படிப்பு முடிந்தது.

படிப்பு என்றால், வடிவமைப்பில் பி.டெஸ். 4 ஆண்டு. ஐ.ஐ.டி.களுக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு, அகமதாபாத் என்.ஐ.டி.க்கு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) தனித் தேர்வு. யூசீடை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம், ஆனால் தொடர்ந்து 2 ஆண்டுகள்தான். அதில் படம் வரையும் பகுதியும் உண்டு. கணிதத்தில் 100 வாங்கும் பிள்ளைகள் அங்கேதான் வழுக்குகிறார்கள். சிற்பமே வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. மெக்கானிக்கல் டிப்ளமோவும் நல்ல வழிதான், கூடவே ஓவியம் விடாமல் இருந்தால். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவைக் குறைவாக நினைக்காதீர்கள். அரம் பிடிக்கத் தெரிந்தவன் இந்தத் தொழிலில் பட்டினி கிடப்பது அரிது.

மூன்று நாள் ஓட்டத்தை வீடியோ எடுத்து வைக்கட்டும், வெட்டாமல், மோட்டார் சத்தத்தோடு. பட்டறைக்காரர்கள் முதலில் சத்தத்தைத்தான் கேட்பார்கள்.