தூக்கிய ஜிம்னியில் ‘டொக்’ சத்தம்

கேள்வி: அண்ணே, என் பழைய சுசுகி ஜிம்னி ஜீப்பைத் தூக்கி, அதாவது அதன் உயரத்தை 2 அங்குலம் கூட்டியதிலிருந்து, கியரை டி-யிலிருந்து (டிரைவ்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றினால் அடியில் ‘டொக்’ என்று இடிக்கிறது. ஜொகூர் மண் பாதையில் ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்தாலும் அதே சத்தம். டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) போய்விட்டதா?
— யீஷூன் வாசகர்

பதில்: அவசரப்பட்டு டிஃபரன்ஷியலைப் பிரித்துவிடாதீர்கள் தம்பி, காசுதான் வீணாகும். வண்டியைத் தூக்கினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (டிஃபரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுபோகும் சுழல் தண்டு) சாய்வு கூடும், அதன் முனையில் உள்ள யூ-ஜாயின்ட் (வளைந்து கொடுக்கும் இணைப்பு) சீக்கிரம் தேயும், என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் இரு பக்கமும் திருகிப் பாருங்கள். ஜாயின்ட்டின் ஒரு பக்கம் அசைந்த பிறகே மறுபக்கம் அசைகிறதா? ஜாயின்ட்டின் மூடிகளைச் சுற்றிச் செந்தூளாகத் துரு தெரிகிறதா? அப்படியென்றால் ஜாயின்ட்டை மாற்றிவிடுங்கள். ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் போல்ட்டால் பொருந்தும் தட்டு) பிடித்து ஆட்டுங்கள்; சுற்றும் திசையில் கொஞ்சம் பிளே (தளர்வு) இருப்பது இயல்பு, மேலும் கீழும் ஆடினால் அதன் உள்ளே இருக்கும் பினியன் கியரைத் தாங்கும் பேரிங்தான் கோளாறு. சரி, மேடுபள்ளத்தில் மட்டும் இடித்தால்? அது வேறு கதை, பன்ஹார்ட் ராட்டின் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) ரப்பர் புஷ்ஷையும் போல்ட்டையும் பாருங்கள்.