பூச்சிமருந்து எச்சம் தெரிந்தவருக்கு ரசாயன ஆயுதத் தடுப்பில் வேலை உண்டா?

கேள்வி: கோவையில் பகுப்பாய்வு வேதியியலில் பி.எச்டி. முடித்திருக்கிறேன். மஞ்சளிலும் பருத்தியிலும் தங்கும் பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டறிவதுதான் என் ஆய்வு. தென் கொரியாவில் ஒரு போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) கிடைக்கும்போல இருக்கிறது. ஆனால் ரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தடுக்கும் சர்வதேசப் பணிக்குப் போகத்தான் ஆசை. வீட்டிலோ, "அதெல்லாம் மிலிட்டரிக்காரங்க வேலைங்க அம்மணி" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, பெருந்துறை

பதில்: குண்டுகளையும் எறிகணைகளையும் கையாளும் பிரிவுக்கு ராணுவத்திலிருந்து வந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மற்றபடி இந்தத் துறையை நடத்துவது ஆய்வகமும் ஒப்பந்தச் சட்டமும்தான். ஆய்வகப் பாதியில் நீங்கள் ஏற்கெனவே வெகுதூரம் வந்துவிட்டீர்கள். நீங்கள் தேடிய ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும் சாரின் போன்ற நரம்பு நச்சுகளும் ஒரே வேதிக் குடும்பம். இரண்டுமே நரம்புகளின் இயக்கத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியைத்தான் முடக்குகின்றன.

வித்தியாசம் தேடும் முறையில் இருக்கிறது. எச்ச ஆய்வகத்தில் கையில் ஒரு பட்டியலும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்கத் தர மாதிரியும் இருக்கும். இருக்கிறதா, எவ்வளவு என்று பார்த்தால் போதும். ஆயுதச் சரிபார்ப்பில் என்ன வரும் என்றே தெரியாது, பல சேர்மங்களுக்குத் தர மாதிரி கடையில் கிடைக்காது. அதோடு, மண்ணிலும் நீரிலும் நச்சு அப்படியே நிற்பதில்லை. சாரின் சிதைந்து கடைசியில் மீத்தைல்பாஸ்போனிக் அமிலமாகிவிடும். சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் அது நேரடியாக ஓடாது. சிலைலேற்றம் செய்து எளிதில் ஆவியாகும் வடிவுக்கு மாற்ற வேண்டும், அல்லது திரவத்திலேயே பிரிக்கும் எல்.சி.-எம்.எஸ்.ஸுக்குப் போக வேண்டும்.

ஹேக் நகரில் உள்ள ஓ.பி.சி.டபிள்யூ. என்னும் ரசாயன ஆயுதத் தடை அமைப்பு, உலகெங்கும் சில ஆய்வகங்களுக்கு மட்டுமே அங்கீகாரம் தருகிறது. அதற்கான திறன் தேர்வில் மாதிரி கைக்கு வந்த 15 நாளில் அறிக்கை போக வேண்டும். ஒவ்வொரு சேர்மத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் உறுதிசெய்ய வேண்டும். இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதினால் அந்தச் சுற்றே தோல்வி. ஒரு நாட்டின் மேல் குற்றம் சுமத்தக்கூடிய தாள் அது; இந்தக் கண்டிப்பு நியாயமானதே. இந்தியாவில் குவாலியரில் உள்ள டி.ஆர்.டி.இ. என்னும் பாதுகாப்புத் துறை ஆய்வகம் இந்தப் பணியில் பல ஆண்டுப் பழக்கம் உள்ளது. அங்கே ரிசர்ச் அசோசியேட் இடங்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். எங்கள் கணிப்பில், உங்களைப் போன்றவருக்கு இதைவிட நேரான வாசல் நாட்டில் இல்லை.

கொரியாவைப் பொறுத்தவரை, ஒப்புக்கொள்ளும் முன் அந்தப் பேராசிரியரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உயர் பிரிதிறன் எம்.எஸ். (நிறை அளக்கும் கருவி) கொண்டு பட்டியலில்லாத தேடல் நடக்கிறதா? மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் பாஸ்பரஸ் என்.எம்.ஆர். கருவியை நீங்களே ஓட்டலாமா? ஆய்வகம், சோதனைக்கூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025-இன்படி இயங்குகிறதா? இரண்டுக்காவது ஆம் என்றால் போங்கள். எச்ச ஆய்வையே இன்னும் இரண்டு வருடம் செய்வதாக இருந்தால் கட்டுரை எண்ணிக்கைதான் கூடும், இந்தத் துறைக்கு நெருங்க மாட்டீர்கள்.

ஓ.பி.சி.டபிள்யூ.வுக்குள் போஸ்ட்டாக் என்று தனி வாசல் கிடையாது. 1997-இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் இன்று 193 நாடுகள் உள்ளன. உறுப்பு நாட்டுக் குடிமக்களைத்தான் எடுப்பார்கள், இந்தியர்களுக்குத் தடையில்லை. ஆனால் பி-3 என்னும் இடைநிலைத் தொழில்முறைப் பணிக்கு முதுகலைக்குப் பின் சுமார் 5 ஆண்டு அனுபவம் எதிர்பார்ப்பார்கள். ஆலைகளையும் இடங்களையும் நேரில் போய்ச் சோதிக்கும் ஆய்வாளர் பணி என்றால் காப்புடை போட்டு வெயிலில் வேலை செய்யும் உடல் திடமும் வேண்டும். பொதுவாக 7 ஆண்டுக்கு மேல் யாரையும் வைத்திருப்பதில்லை என்பதால், அதற்குப் பிறகு என்ன என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

இடையில் ஒரு படி இருக்கிறது: 2000 முதல் ஓ.பி.சி.டபிள்யூ. நடத்தும் அசோசியேட் புரோகிராம். வளரும் நாடுகளின் வேதியியலாளர்களுக்கும் கெமிக்கல் இன்ஜினீயர்களுக்கும் தலைமையகத்திலும் பல்கலைக்கழகத்திலும் ரசாயன ஆலையிலும் சில வாரப் பயிற்சி. டெல்லியில் கேபினட் செயலகத்தின் கீழ் இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் தேசிய அதிகார அமைப்பின் ஒப்புதலோடு விண்ணப்பம் போவதுதான் வழி. பலர் சறுக்குவது இங்கேதான். கடைசி வாரத்தில் டெல்லிக்கு எழுதினால் காரியம் நடக்காது. ஆலை அனுபவம் இருந்தால் கூடுதல் பலம்.

அந்த அனுபவத்துக்கு நம் பக்கமே இடம் உண்டு. துணி பிரிண்டிங்கில் கரைப்பானாகப் பயன்படும் தயோடைகிளைக்கால், தோலைக் கொப்பளிக்க வைக்கும் மஸ்டர்ட் நச்சின் மூலப்பொருள் என்பதால், ஒப்பந்தம் கண்காணிக்கும் ரசாயனங்களின் மூன்று அட்டவணைகளில் 2-ஆவதில் இருக்கிறது. ஆண்டுக்கு 1 டன்னுக்கு மேல் தயாரித்தாலோ, பதப்படுத்தினாலோ, பயன்படுத்தினாலோ ஆலை அறிவிப்புத் தர வேண்டும். ஜவுளித் துணைப்பொருட்களில் வரும் ட்ரைஎத்தனாலமின் 3-ஆம் அட்டவணை; அதைத் தயாரிப்பவருக்கு 30 டன் வரம்பு, வாங்கிப் பயன்படுத்தும் பட்டறைக்கு இந்தக் கணக்கு இல்லை. சேலம் பக்கம் விளையும் ஆமணக்கில் உள்ள ரைசின் 1-ஆம் அட்டவணையிலேயே இருந்தாலும், விளக்கெண்ணெய் ஆட்டும் மில்களுக்கு அறிவிப்புக் கடமை கிடையாது. ஒரு ரசாயன ஆலையில் இந்த அறிவிப்புகளைத் தயாரித்துப் பழகியவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும். ஒப்பந்தத்தின் சரிபார்ப்பு இணைப்பையும் அதை அமல்படுத்தும் நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வரிவரியாகப் படியுங்கள்.

உயிரியல் பக்கம் நிலைமை வேறு. 1975-இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுத ஒப்பந்தத்துக்கு நேரில் போய்ச் சோதிக்கும் ஆய்வாளர் படையே இல்லை. ஜெனீவாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு ஓர் அலுவலகம் மட்டும். ஆகவே அங்கே வேலை பெரும்பாலும் கொள்கை ஆய்வு. ஐ.நா.வின் இளைஞர் உயிரிப் பாதுகாப்பு ஃபெலோஷிப், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையத்தின் எமர்ஜிங் லீடர்ஸ் திட்டம், ஸ்டான்ஃபோர்டின் சைசாக் என்னும் சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு மையம், ஹார்வர்டு பெல்ஃபர் மையம் ஆகியவற்றின் போஸ்ட்டாக் இடங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றுக்கு ஆய்வுக் கட்டுரை மட்டும் போதாது. அதிகாரி ஒருவர் பத்து நிமிடத்தில் படித்து முடிவெடுக்கக்கூடிய கொள்கைக் குறிப்பு ஒன்றாவது சொந்தமாக எழுதியிருக்க வேண்டும். ரைசின் போல உயிரினங்கள் உண்டாக்கும் நச்சுகள் இரண்டு ஒப்பந்தங்களிலும் வருவதால் உங்களுக்குத் தலைப்பும் தயார். அமெரிக்க ராணுவ ஆய்வகங்கள் பெரும்பாலும் குடியுரிமை கேட்கும். அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

விண்ணப்பப் படிவத்தில் கட்டுரைப் பட்டியலைக் கொட்டுவது பி.எச்டி.காரர்களின் வழக்கமான பிழை. எந்தக் கருவியை நீங்களே ஓட்டினீர்கள், எத்தனை மாதிரி, எந்தத் தணிக்கையை எதிர்கொண்டீர்கள், தவறான நேர்முடிவை, அதாவது இல்லாததை இருப்பதாகக் காட்டும் முடிவை, எப்படித் தடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

இன்னொன்று சட்டம் சார்ந்தது. வெளிநாடு போகும்போது தர மாதிரியையோ நச்சு மாதிரியையோ பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருட்களுக்கான இந்தியாவின் ஸ்கோமெட் பட்டியலில் வகை 1 ரசாயனங்கள், வகை 2 நுண்ணுயிரிகளும் நச்சுகளும். அதில் உள்ளவற்றுக்கு டி.ஜி.எஃப்.டி. என்னும் அயல் வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் தேவை. சிறு குப்பிதானே என்று உரிமமில்லாமல் கொண்டுபோய்ச் சிக்கினால், இந்தத் துறையில் எந்த அமைப்பும் உங்களை நம்பி எடுக்காது.