கட்டுவிரியன் விரியன் இல்லை

கேள்வி: எங்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் இரவில் வெள்ளைக் கட்டுப் போட்ட கறுப்புப் பாம்பு வருகிறது. மாமனார் கட்டுவிரியன் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, அது விஷமில்லாத பாம்பு என்கிறார். யாரை நம்புவது? நானே பிடித்து விட முடியுமா?
- வாசகி, மதுராந்தகம்

பதில்: அக்கா சொல்வது வெள்ளிக்கோல் வரையனாக இருக்கும். அதற்குக் கட்டு கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்குக் கழுத்தைத் தாண்டித் தொடங்கி, பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் வரை தெளிவாகப் போகும். ஆனால் குட்டிக் கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கமும் கட்டு இருக்கும். அதனால் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள் அம்மா. கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் வீங்கும், வலி உயிர் போகும். கட்டுவிரியன் நல்ல பாம்பின் குடும்பம். கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமோ வலியோ இருக்காது. பாயில் படுத்திருந்த என் சித்தப்பா விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். இமை தொங்கி, பேச்சுக் குழறிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. பிழைத்தார், ஆனால் நாலு நாள் மூச்சுக்கு இயந்திரம்தான். அந்த ஓமத்தண்ணீரை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பிடிக்கும் எண்ணத்தை விடுங்கள். நான் பல வருடம் இருளர்களோடு வயலில் அலைந்தவன். தடம், சட்டை, வளை பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்பவர்கள் அவர்கள். அவர்களே கட்டுவிரியனிடம் நிதானமாகத்தான் கை வைப்பார்கள். எட்ட நின்று, போகும் இடத்தில் கண் வைத்து, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். தரையில் படுப்பதை நிறுத்துங்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

அப்புறம், கடித்துவிட்டால் பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம். கயிறு கட்டாமல், கீறாமல், 108ஐக் கூப்பிடுங்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்துதான். மருத்துவரிடம் எத்தனை மணிக்கு என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள், போதும்.