ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் தூர வேறுபாடு தெரிவது எப்படி?

இரு கண்களின் பார்வை வேறுபாடே ஆழத்தைக் காட்டுகிறது என்றால், ஒரு கண்ணை மூடிய பின்னும் அருகும் தொலைவும் புலப்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் நகரும்போது காட்சி நகரும் விதத்திலும் ஆழம் பதிந்திருக்கிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து, வயலின் நடுவே நிற்கும் ஒரு பனைமரத்தில் பார்வையை நிறுத்தினால், அதற்கு இப்புறமுள்ள வரப்புகள் பின்னோக்கி ஓடுவதையும், அப்பாலுள்ள பொதிகை மலை நம்முடனேயே வருவதையும் காணலாம். தலையைச் சற்றே பக்கவாட்டில் அசைத்தாலும் இதே விளைவு சிறிய அளவில் நிகழ்கிறது.

1979இல் பார்வை ஆய்வாளர்களான பிரையன் ரோஜர்ஸும் மாரீன் கிரஹாமும், தாறுமாறான புள்ளிகள் மட்டுமே கொண்ட தட்டையான திரையில், பார்ப்பவரின் தலையசைவுக்கு ஏற்பப் புள்ளிகளை நகர்த்தியபோது, ஒற்றைக் கண்ணுக்கே மேடுபள்ளங்கள் தெளிவாகத் தோன்றின. ஆனால் விழித்திரையில் விழும் அசைவு மட்டும் போதாது. எது முன்னே, எது பின்னே என்று அதனால் மட்டும் தீர்மானிக்க இயலாது. ஒரு புள்ளியை விடாமல் நோக்குவதற்காகக் கண் எத்திசையில் திரும்புகிறது என்ற செய்தியையும் மூளை சேர்த்துக்கொள்கிறது; குரங்குகளின் மூளையில், அசைவை ஆராயும் பகுதியிலுள்ள நரம்பணுக்களிடம் இது காணப்பட்டுள்ளது.

திரைப்படத்தில் கேமரா நகரும்போது ஆழம் தோன்றினாலும், நம் தலையசைவுக்குத் திரை மறுமொழி தருவதில்லை. (முன்வரிசையில் இக்குறை மிகுதியாகத் தெரியும்.) தலையசைவைக் கணித்துக் காட்சியை மாற்றும் மெய்நிகர் உலகக் (VR) கண்ணாடிகள் நிரப்புவது இந்தக் குறையைத்தான்.