காய்ச்சலோட வலிக்கிற சிவப்புத் தடிப்பு: ஸ்வீட் சிண்ட்ரோம்னா பயப்படணுமா?

கேள்வி: டாக்டர், என் அக்காவுக்கு 46 வயசு. தொண்டைவலி வந்து சரியானப்புறம் திடீர்னு நல்ல காய்ச்சல், கூடவே கழுத்துலயும் கையிலயும் செக்கச்செவேல்னு தடிப்பு, அரிப்பெல்லாம் இல்ல, ஆனா தொட்டாலே வலிக்குதுங்கறாங்க. ஆன்டிபயாட்டிக் போட்டும் கேக்கல. இப்ப ஸ்கின் டாக்டர் பயாப்சி எடுத்துட்டு ஸ்வீட் சிண்ட்ரோம்னு ஸ்டீராய்டு கொடுத்திருக்காரு. இது ரத்தப் புத்துநோயோட அறிகுறியா இருக்கலாம்னு நெட்ல படிச்சதுலேர்ந்து வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல. மத்தவங்களுக்கு ஒட்டுமா? ஸ்டீராய்டு எவ்ளோ நாள் சாப்பிடணும்?

பதில்: ஒட்டாதுங்க, அதை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. 1964-ல ராபர்ட் டக்ளஸ் ஸ்வீட்ங்கிற தோல் டாக்டர் எட்டு பெண்கள்கிட்ட பாத்து எழுதினது, அதான் அந்தப் பேரு. கிருமியை அடிக்கிற நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளை அணு இருக்குல்ல, அது கிருமியே இல்லாத எடத்துல, தோலுக்கு அடியில கும்பலா போய் உக்காந்துக்குது, அதனாலதான் வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம், ஆன்டிபயாட்டிக் கேக்காததுக்கும் அதான் காரணம். ரத்தத்துல வெள்ளை அணுவும், உடம்புல அழற்சி இருக்கறதைக் காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்ட் அளவும் ஏறியிருக்கும், பாக்குறவங்க இன்ஃபெக்‌ஷன்னுதான் நெனப்பாங்க, முதல்ல ஆன்டிபயாட்டிக் கொடுத்த டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது. சில தடிப்பு நீர் கோத்த கொப்புளம் மாதிரி தெரியும், தொட்டா கெட்டியா இருக்கும், தயவுசெஞ்சு ஊசியால குத்திப் பாக்காதீங்க, இந்த வியாதியில காயம் பட்ட எடத்துலயே புதுசா கெளம்பும்.

இப்ப புத்துநோய் விஷயம். நெட்ல படிச்சது பொய் இல்ல, ஆனா பாதிதான். நெறைய பேருக்கு உங்க அக்கா மாதிரி தொண்டை, சளி இன்ஃபெக்‌ஷனுக்கு அப்புறம்தான் வருது, 30-லேர்ந்து 60 வயசுப் பெண்களுக்கு அதிகம். குடல் அழற்சி, கர்ப்பம், சில மாத்திரை ஊசியாலயும் வரலாம். சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு ரத்தப் புத்துநோய் மாதிரி ஏதாவது இதுக்குக் காரணமா இருக்கும், அதனால தடிப்பு மறஞ்சிடுச்சுன்னு விட்டுடாம ரத்த அணு எண்ணிக்கையும் ஸ்மியரும் (ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்) பாத்தாச்சான்னு கேளுங்க. ரத்தசோகையோ பிளேட்லெட் குறைவோ இருந்தா ரத்தவியல் டாக்டர்கிட்ட போயே ஆகணும். என்னைக் கேட்டா ஸ்டீராய்டை விட இந்த டெஸ்ட்தான் முக்கியம். கடைசியா என்னென்ன மருந்து சாப்பிட்டாங்கன்னு ஒரு லிஸ்ட்டும் எடுத்துட்டுப் போங்க.

ஸ்டீராய்டு சீக்கிரமே வேலை செய்யும், காய்ச்சலும் வலியும் ரெண்டு மூணு நாள்லயே எறங்கிடும், தடிப்பு மறைய இன்னும் கொஞ்ச நாள் ஆகும், பெரும்பாலும் தழும்பு விழாது. சரியாயிடுச்சேன்னு பட்டுனு நிறுத்திடுறாங்க பாருங்க, அங்கதான் சிக்கலே. டாக்டர் சொல்ற மாதிரி நாலுலேர்ந்து ஆறு வாரத்துல படிப்படியா கொறைக்கணும், அதுவரை சுகரும் பிபியும் பாத்துக்கணும். மூணுல ஒருத்தருக்கு திரும்ப வரும். அப்படி அடிக்கடி வந்தாலோ ஸ்டீராய்டு ஒத்துக்கலன்னாலோ கோல்சிசின், டாப்சோன்னு வேற மருந்து இருக்கு (டாப்சோனுக்கு முன்னாடி ஜி6பிடி டெஸ்ட், அதாவது ரத்தச் சிவப்பணுவுல இருக்கற அந்த என்சைம் குறைவான்னு பாக்கறது, அவசியம்). நடுவுல கண்ணு சிவந்து வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் திரும்ப ஏறினாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.