பழைய இழுவைப் படகின் தளத்தில் நின்று துறைமுகத்தைப் படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய இழுவைப் படகு (டக்) ஒன்றில் ஏறி, வேலை நடக்கும் துறைமுகத்தைச் சுற்றிவரப் போகிறேன், கேமராவுக்கு என்ன யோசனை சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை எடுத்ததில் பாதிப் படங்கள் தெளிவில்லாமல் போயின. கை ஆடாமல் இருக்கட்டும் என்று முழங்கையைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றியிருந்தேன், அதுதான் காரணம்.

இழுவைப் படகு என்பது கப்பல்களை இழுப்பதற்காகப் பெரிய எஞ்சினைச் சுற்றிக் கட்டிய சின்னப் படகு. அந்த அதிர்வு கம்பி வழியாக நேரே கேமராவுக்கு ஏறிவிடும். முக்காலி வைத்தாலும் இதேதான். எதிலும் சாயாமல், கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நில்லுங்கள். அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும். ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே போக வேண்டாம், நீளமான லென்ஸ் என்றால் 1/1000. அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600 வரை ஏற்றினாலும் பரவாயில்லை. அப்புறம், புகைபோக்கிக்கு மேலாகவோ அதன் புகை போகும் பக்கமாகவோ குறிவைக்காதீர்கள். சூடான காற்றில் தூரத்துக் கிரேன்கள் நெளிந்து தெரியும்.

சரி, எதை எடுப்பது? தளம் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். இந்தத் தாழ்ந்த பார்வைக்காகவே ஏறலாம் என்பேன், கரையில் நின்றால் இது கிடைக்காது. நியூயார்க்கில் சவுத் ஸ்ட்ரீட் சீபோர்ட் அருங்காட்சியகத்திடம் டபிள்யூ. ஓ. டெக்கர் என்று 1930இல் கட்டிய மர இழுவைப் படகு இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 16 மீட்டர். இன்றைய மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களோ 400 மீட்டர். அப்படி ஒன்றின் பக்கம் போனால் கப்பலே தெரியாது, ஒரு சுவர்தான் தெரியும். அகன்ற லென்ஸில் முழுச் சுவரையும் பிடிக்க ஆசை வரும். பிடித்தால் வெறும் இரும்புத் தகடு மாதிரி இருக்கும், அளவே புரியாது.

அளவு புரிய ஏதாவது ஒன்று கூட இருக்க வேண்டும். கப்பலின் முன்முனையில், எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் எண்களைப் பாருங்கள். மீட்டர் கணக்கில் எழுதியிருந்தால் ஒவ்வொரு எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம். இன்னும் நல்லது, கயிற்று ஏணியில் ஏறும் பைலட், அதாவது துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவர். நீர்மட்டத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் கயிற்று ஏணியோடு சாய்வான படிக்கட்டையும் சேர்த்துத் தொங்கவிடுவார்கள். அந்தச் சுவரில் ஒரு மனிதர் ஏறுவதைப் பார்த்தால் விளக்கமே தேவையில்லை.

இதற்குக் கொடிகளைத் தெரிந்துகொண்டால் முன்கூட்டியே தயாராகலாம். மஞ்சளும் நீலமுமாக ஆறு நெடுக்குப் பட்டைகள் என்றால் அந்தக் கப்பல் பைலட்டுக்குக் காத்திருக்கிறது. பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றால் அவர் ஏற்கெனவே ஏறிவிட்டார்.

நீங்கள் நிற்கும் படகையும் மறக்காதீர்கள். வடம் உரசி உரசிப் பெயின்ட் போய்ப் பளபளக்கும் இரும்புக் கட்டைகள், முன்முனையில் கயிற்றால் பின்னிய தடுப்பு, மாலுமியின் அறை ஜன்னல் சட்டம். இவற்றில் ஒன்றை முன்னால் வைத்து, பின்னால் கிரேன்களை விடுங்கள். பழைய உழைப்பும் இன்றைய உழைப்பும் ஒரே படத்தில் வருவதுதான் எனக்கு இதில் பிடித்தது. மாலையானால் மற்ற இழுவைப் படகுகளின் விளக்குகளையும் கவனியுங்கள். எதையாவது பின்னால் கட்டி இழுத்துப்போகும் இழுவைப் படகின் கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் எரியும். அந்தப் படகின் பின்முனையிலிருந்து இழுபடுவதன் கடைசி வரை 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று.

ஏறியதும் படகுத் தலைவரிடம் எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேட்டுவிடுங்கள். 2004 முதல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுக்கக் கடுமையாகிவிட்டன. தளத்தில் சுருண்டு கிடக்கும் வடத்தின் வளையத்துக்குள் கால் வைக்கவே வைக்காதீர்கள். இறுகி நிற்கும் வடத்துக்கு நேரிலும் நிற்காதீர்கள். அறுந்தால் ஆளைக் கொல்லும். நல்ல படம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றாலும் விட்டுவிடுங்கள்.

தளத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். முன்னால் ஒரு சாதாரண வடிகட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இறங்கியதும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கீறிவிடும்.